யாரும் நிற்காத ஏரிக்கரை

முருகையன் போட்டோ ஸ்டுடியோக்களுக்குச் சீன் வரைகிறவர். படம் எடுத்துக்கொள்ள வருகிறவர்களின் முதுகுக்குப் பின்னால் தொங்கும் பெரிய துணிகளில் மாளிகைப் படிக்கட்டும் அன்னமும் பூந்தொட்டியும் அவர் கையில் சுலபமாக வரும். எழுபத்தெட்டாம் வருஷம் ஐப்பசியில் அவர் மனைவி தனம் மஞ்சள் காமாலையில் இறந்துபோனாள். பிள்ளைகள் இல்லை. காரியம் முடிந்ததும் தேரடித் தெரு ஸ்டுடியோவுக்குப் போய், முதலாளி ஆதிமூலம் கேட்டிருந்த புதுச் சீனை வரைய உட்கார்ந்தார்.

வந்தது வேறு. ஊரை ஒட்டிய சமுத்திரம் ஏரி, சாம்பல் நிறத் தண்ணீர், கரைமேல் ஒற்றையடிப் பாதை, பின்னால் மேகம் இறங்கிய மலை. ஒரு கொக்குகூட இல்லை.

ஆதிமூலம் வெகுநேரம் பார்த்தார். "நல்லாத்தான் இருக்குதுண்ணே. ஆனா கல்யாண ஜோடி இதும் முன்னாடி எப்படி நிக்கும்? ரெண்டு பூச்செடியாவது போடுங்க."

முருகையன் பிரஷ்ஷைத் தோய்த்துத் துணிக்கு அருகே கொண்டுபோனார். கை நகரவில்லை.

"நாளைக்குப் போடறேங்க."

மறுநாள் வேங்கிக்காலிலிருந்து கன்னியம்மாள் என்ற பெண் தனியாக வந்தாள். புருஷன் இன்னொருத்தியோடு போய்விட்டதால் கல்யாணப் படத்தைக் கிழித்துப் போட்டதாக அவளே சொன்னாள். மாளிகைச் சீனை இறக்கப்போன ஆதிமூலத்தைத் தடுத்து, ஏரியைக் காட்டினாள்.

"இங்கயே நிக்கறேங்க. அந்த மாளிகைல நின்னா பக்கத்துல யாரோ இருந்துட்டு போன மாதிரி தெரியும். இங்கன்னா ஒண்டியா நிக்கலாம்."

அந்தப் பாதைக்கு ஓர் ஆள் கிடைத்துவிட்டதுபோல் முருகையனுக்கு இருந்தது. அது தனம் இல்லை என்பதும் கூடவே உறைத்தது. அன்று அவர் பூச்செடி போடவில்லை, ஆதிமூலமும் கேட்கவில்லை.

தை முகூர்த்தங்கள் வந்தன. ஒரு மணப்பெண்ணின் தாய், "என்னாங்க இது, சாவு வீடாட்டம்!" என்று மகளை இழுத்துக்கொண்டு வெளியேறினாள். ஏரித் துணிக்கு வெள்ளையடித்துவிட்டு அதன்மேல் மாளிகை போடச் சொன்னார் ஆதிமூலம். முருகையன் வேறு துணியில் மாளிகை வரைந்து கொடுத்துவிட்டு, ஏரியைச் சுருட்டித் தோளில் வைத்து வீட்டுக்கு நடந்தார்.

ஒற்றை அறை வீடு. துணி சுவரைவிட உயரம். மலையை மடித்து ஆணி அடிக்கவேண்டியிருந்தது. தண்ணீரும் பாதையும்தான் மிஞ்சின. எதிரே உட்கார்ந்தார். துக்கம் கேட்க வந்தவர்கள் முன்னால் வராத அழுகை அப்போது சத்தமாக வந்தது.

பக்கத்து வீட்டுச் சரசு ஓடிவந்தாள். "அண்ணே, என்னாச்சு?"

"ஒண்ணுமில்லம்மா. பெயிண்ட் நெடி கண்ணுல ஏறிடுச்சு."

அவள் துணியைப் பார்த்தாள். அது காய்ந்து எத்தனையோ வாரம் ஆகியிருந்தது.

"சோறு கொண்டாறேண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.