பாலசுந்தரம் மிதித்த பிரேக்

வீட்டை ஒட்டிய கொட்டடியில் நின்ற ஜீப்பின் பின்விளக்கு எரிவதை முதலில் பார்த்தவள் வசுந்தராதான். பொழுது மங்கும் நேரம். கொடியில் உலர்ந்திருந்த சாய நூலை எடுக்கப் போனவள், நூலைத் தொடாமலே திரும்பி வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த கொழுந்தன் ஜனகராஜிடம் சொன்னாள்.

“தம்பி, வண்டியில யாரோ பிரேக்கை மிதிச்சுக்கிட்டு இருக்காங்க.”

ஜனகராஜ் ஓடிப்போய்ப் பார்த்தான். மாதக்கணக்கில் தார்ப்பாய்க்குள் கிடந்த வண்டியை அன்றுதான் கிளப்பித் தெப்பக்குளம்வரை ஓட்டிவிட்டு வந்து நிறுத்தியிருந்தான். சாவி அவன் சட்டைப் பையில் இருந்தது. டிரைவர் சீட்டில் யாரும் இல்லை. பிரேக் பெடல் மேலேதான் நின்றது. ஆனால் பிரேக்கை மிதித்தால் மட்டும் எரியவேண்டிய சிவப்பு விளக்கு, சுவரில் மங்கிய செந்நிறம் பூசியபடி எரிந்துகொண்டிருந்தது. இருவரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். கொஞ்ச நேரத்தில், யாரோ காலை மெல்ல எடுத்துக்கொண்டதுபோல அது அணைந்தது.

“சுவிட்சு போயிருக்கும் அண்ணி,” என்றான் ஜனகராஜ். சொல்லிவிட்டு, சட்டைப் பையில் சாவி இருக்கிறதா என்று மறுபடி தொட்டுப் பார்த்தான்.

அது அவன் அண்ணன் பாலசுந்தரத்தின் வண்டி. ஏலத்தில் எடுத்த பழைய ஜீப். ஊர் ஊராகத் தறிக்காரர்களுக்கு நூல் கொண்டுபோய்ப் போடுவதற்கு வாங்கினான். போன ஐப்பசியில் ஒரு பட்டப்பகலில், வாடிப்பட்டிக்குப் பக்கத்தில், அந்த ஜீப்போடு பெரியாறு கால்வாய்க்குள் போய்விட்டான். கரை புரண்ட தண்ணீர். உடல் வெகுதூரம் தள்ளி மதகில் கிடைத்தது. மறுநாள் வண்டியைத் தூக்கிக் கரையேற்றிச் சோதித்தவர்கள் பெடலை மிதித்துப் பார்த்தார்கள். கல்லாக நின்றது. பிரேக்கில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

அப்படியானால் எப்படிப் போனான்? அதற்குத் தெரு தானாகவே ஒரு பதிலை வைத்திருந்தது. அன்று காலையில் புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் சண்டை. தனிக்குடித்தனப் பேச்சில் ஆரம்பித்து எங்கெங்கோ போய், கடைசியில் வசுந்தரா வாசலில் நின்று, “போனா அப்படியே போயிருங்க!” என்று கத்தினாள். கத்தியது வீட்டு மொழியான சௌராஷ்டிரத்தில். மகால் அரண்மனையை ஒட்டிய அந்தச் சந்தில் சௌராஷ்டிரம் புரியாத வீடே கிடையாது. துக்கத்துக்கு வந்தவர்கள் யாரும் அவள் முகத்துக்கு நேரே எதுவும் கேட்கவில்லை. கேட்காமலே பார்த்துவிட்டுப் போனார்கள். மாமியார் மட்டும் அன்றிலிருந்து அவள் கையால் தண்ணீர் வாங்கிக் குடிப்பதில்லை.

ஜனகராஜுக்குக் கப்பலூரில் ஒரு சின்னத் தொழிற்சாலையில் மேஸ்திரி வேலை. நூல் வியாபாரத்தைத் தொடர அவனுக்கு நேரமில்லை. வாடிப்பட்டி விவசாயி ஒருவர் ஜீப்பைக் கேட்டிருந்தார். கொடுப்பதற்குமுன் ஒருமுறை சரிபார்த்துவிடலாம் என்று காளவாசலில் பட்டறை வைத்திருந்த விருமாண்டியைக் கூட்டிவந்தான்.

விருமாண்டி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். பெடலைக் குனிந்து கையால் அமுக்கினான்.

“கல்லு மாதிரி இருக்குண்ணே. காத்தும் இல்ல, கசிவும் இல்ல.”

“ஏறி ஒரு ரவுண்டு ஓட்டிப் பாரு.”

“கீழ எம்புட்டு நேரம் வேணாலும் படுத்து வேலை பாக்குறேன். அந்தச் சீட்டுல மட்டும் ஒக்காரச் சொல்லாதீக. ஆள் போன வண்டிண்ணே.”

விளக்குச் சுவிட்சை மாற்றிவிட்டுப் போனான். அடுத்த முறை ஜனகராஜ் கடைத்தெருவரை ஓட்டிவிட்டு வந்து நிறுத்தியபோதும் விளக்கு எரிந்தது. கொஞ்ச நேரம் எரிந்து அணைந்தது. கொட்டடிக்குப் பின்னால் இருந்த வீட்டுக்காரர்கள் அந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்தியே வைக்கத் தொடங்கினார்கள்.

வசுந்தரா பயப்படவில்லை. விளக்கு எரிகிற நேரங்களில் ஜீப்பின் அருகே போய் நின்றாள். ஒருநாள் ஜனகராஜ் அவளைக் கூப்பிட வந்தபோது, காலியான சீட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“அன்னைக்கும் பிரேக் கல்லு மாதிரி இருக்குன்னுதான் சொன்னாங்க. என்னை அந்த ரோட்டுல கூட்டிட்டுப் போங்க தம்பி. அவர் போன மாதிரியே போகணும்.”

“எதுக்கு அண்ணி?”

“என் பேச்சு அவரைத் தள்ளிச்சா, வண்டி தள்ளிச்சான்னு எனக்குத் தெரியணும்.”

அவனால் மறுக்க முடியவில்லை. அந்தக் கேள்வி அவனுக்குள்ளும் இருந்தது.

மாசி மாதத்து மத்தியானம் கிளம்பினார்கள். ஜனகராஜ் ஓட்டினான். பக்கத்தில் வசுந்தரா. பின்னால், கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு விருமாண்டி. ஊரைத் தாண்டுவதற்குள் மாட்டுவண்டிக்கும் சைக்கிளுக்கும் ஆயிரம் தடவை பிரேக் போட வேண்டியிருந்தது. பரவை தாண்டியபோது வண்டி கொஞ்சம் மந்தமாக இழுத்தது. சமயநல்லூரில் ஆக்சிலேட்டரை இன்னும் அழுத்த வேண்டியிருந்தது. பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுப்பதுபோல இருந்தது.

“தீயிற வாடை வருதுண்ணே,” என்றான் விருமாண்டி.

வாடிப்பட்டிக்கு முன்னால் கிளைச்சாலையில் திரும்பினார்கள். வயல்களுக்கு நடுவே நேராகப் போய், லேசாக வளைந்து, கால்வாய்க் கரையைத் தொடும் சாலை. தூரத்தில் கரையின் பசுமை தெரிந்தது. வளைவுக்காக ஜனகராஜ் பிரேக்கை மிதித்தான்.

கால் கீழே போனது. எதிலும் தட்டாமல், சேற்றுக்குள் இறங்குவதுபோல, தகரத் தரைவரைக்கும் போய் நின்றது. எடுத்து மறுபடி மிதித்தான். மறுபடி தரை. இன்னொரு முறை. கைப்பிரேக் அந்த வண்டியில் பேருக்குத்தான். கால்வாயின் தண்ணீர் இப்போது வெயிலில் மின்னுவது தெரிந்தது. அப்போது ஜனகராஜுக்கு ஒரு கணம், தான் ஓட்டவில்லை, அண்ணன் ஓட்டுகிறான், தான் அவன் காலுக்குள் இருக்கிறோம் என்று தோன்றியது.

“வயல்ல விடுங்கண்ணே! வயல்ல!”

கியரை உறுமலோடு இறக்கி, ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தான். ஜீப் வரப்பில் மோதி எழும்பி, அறுவடை முடிந்து உழுது போட்டிருந்த வயலுக்குள் இறங்கி, கட்டிகளில் குதித்துக் குதித்து நின்றது. என்ஜின் அணைந்தது. சுற்றிலும் சத்தமே இல்லை. வசுந்தரா ஒரு வார்த்தையும் கத்தியிருக்கவில்லை.

விருமாண்டி இறங்கி, ஒரு சக்கரத்தின் பக்கம் கையைக் கொண்டுபோய் வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். கால்வாயில் துண்டை நனைத்து வந்து சக்கரத்தின் பிரேக் டிரம்மின்மேல் பிழிந்தான். சுர்ரென்று ஆவி எழுந்தது. நான்கு சக்கரத்திலும் அப்படியே.

“காலை எடுத்தாலும் பிரேக் விடலைண்ணே. நாலும் தானாப் புடிச்சிக்கிட்டே வந்திருக்கு. அந்தச் சூட்டுல ஆயில் கொதிச்சு ஆவியாயிருச்சு. ஆவியை மிதிச்சா வண்டி எங்குட்டு நிக்கும்?”

வசுந்தரா நகர்ந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். வெறுங்காலால் பெடலை மிதித்தாள். அடிவரைக்கும் போனது. காத்திருந்தாள். சக்கரங்கள் ஆறஆற மறுபடி மறுபடி மிதித்தாள். கொஞ்சம் கொஞ்சமாகப் பெடல் மேலே நிற்கத் தொடங்கியது. வெயில் தாழ்ந்தபோது கல்லாக நின்றது.

“இப்ப நிக்குது,” என்றாள்.

மூவரும் கால்வாயைப் பார்த்தார்கள். ராத்திரி முழுக்கத் தண்ணீருக்குள் குளிர்ந்து கிடந்த வண்டி, மறுநாள் கரையேறியபோது ஏன் கல்லாக நின்றது என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொட்டடியில் வேலை நடந்தது. பெடலுக்கு அடியில் இருந்து ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றிப் பிரித்தார்கள். மிதித்த ஆயில் திரும்பி வருவதற்கென்று அதில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துவாரம் உண்டு. ஊறி உப்பிய ரப்பரும் கறுப்பு மசகும் சேர்ந்து அதை அடைத்திருந்தன. போன ஆயில் திரும்ப வழியில்லை. அழுத்தம் உள்ளேயே நின்றது. ஆயிலின் அழுத்தத்தில் எரிகிற விளக்கு, காலை எடுத்த பிறகும் எரிந்தது அதனால்தான்; சூடு ஆறி அழுத்தம் குறைந்ததும் அணைந்தது. ஜனகராஜ் மெல்லிய கம்பியால் துவாரத்தைத் திறந்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். இவ்வளவு சின்ன ஓட்டை வழியாக அண்ணன் போய்விட்டான்.

ரப்பர்களையும் கருகிய பிரேக் லைனிங்கையும் மாற்றிப் புது ஆயில் ஊற்றினார்கள். இனி உள்ளே புகுந்த காற்றை எடுக்க வேண்டும். அதற்கு ஒருவர் பெடலை மிதிக்க வேண்டும், இன்னொருவர் சக்கரத்தடியில் திருகாணியைத் திறந்து மூட வேண்டும். ஜனகராஜ் ஏறப் போனான். வசுந்தரா அவனுக்குமுன் ஏறி உட்கார்ந்தாள்.

“மிதிங்கம்மா... மிதிங்க... அமுக்கிப் புடிங்க.” விருமாண்டி திருகாணியைத் திறப்பான். ரப்பர் குழாய் வழியாகச் சீசாவுக்குள் குமிழிகள் வரும். மூடுவான். “விடுங்க.” மறுபடி, “மிதிங்க.” பின்சக்கரங்கள் முடிந்து முன்னால் வந்தார்கள். கடைசிச் சக்கரத்தில் ஒரு குமிழிகூட இல்லாமல் ஆயில் தெளிந்து வந்தது.

“முடிஞ்சதும்மா. காலை எடுங்க.”

அவள் எடுக்கவில்லை. மிதித்தாள். விட்டாள். மிதித்தாள். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, எதிர்ச் சுவரைப் பார்த்தபடி வேகவேகமாக மிதித்தாள். ஒவ்வொரு மிதிக்கும் வண்டி லேசாக அசைந்தது. விருமாண்டி சக்கரத்தடியிலிருந்து ஊர்ந்து வெளியே வந்து, தலைகுனிந்து தள்ளிப்போய் நின்றான்.

“அண்ணி, போதும்.”

அவள் நிறுத்தினாள். மூச்சிரைத்தது.

“பெடல் கீழ போனதுக்கப்புறம்... தண்ணி வர்ற வரைக்கும் அவருக்கு எம்புட்டு நேரம் இருந்திருக்கும் தம்பி?”

அந்த நேரம் எவ்வளவு என்று ஜனகராஜுக்குத் தெரியும். அந்த வளைவில் அவனுக்கும் அது கிடைத்திருந்தது. திரும்பத் திரும்ப மிதிக்கவும், நம்ப மறுக்கவும், பிறகு நம்பவும் தாராளமாகப் போதுமான நேரம். வீட்டில் இருப்பவர்கள் ஒவ்வொருவர் முகமும் வந்துபோகிற நேரம்.

“நேரமே இல்ல அண்ணி. கண்ணை மூடித் தொறக்குறதுக்குள்ள.”

அவள் அவனையே பார்த்தாள். அவளும் அந்த வண்டியில் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். சரி என்பதுபோலத் தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போனாள்.

அன்று சாயங்காலம் அவள் வாசலில் நின்று, சந்து முழுக்கக் கேட்கும்படி, சௌராஷ்டிரத்திலேயே சொன்னாள்: “அவர் மிதிச்சாரு. வண்டிதான் நிக்கல.” மாமியார் உள்ளேயிருந்து எழுந்து வந்து, அவள் தோளில் கைவைத்து அழுதாள். தெருவும் கொஞ்சம் கொஞ்சமாக வேறு பேச்சுக்குப் போனது. ஜீப்பை வாடிப்பட்டிக்காரர் வந்து ஓட்டிக்கொண்டு போனார். அவர் கையில் அது ஒரு தொந்தரவும் கொடுக்கவில்லை.

எல்லாம் தீர்ந்துவிட்டது என்றுதான் ஜனகராஜ் நினைத்தான். ஒருநாள் மத்தியானம் அவனும் அண்ணியும் எதிரெதிரே தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மாமியார் ரசம் ஊற்ற, வசுந்தரா ஏதோ சொல்லிச் சிரித்தாள். வெகு நாளைக்குப் பிறகு சிரித்தாள். அப்போதுதான் அவன் கவனித்தான். காலை மடித்து உட்கார்ந்திருந்தவளின் வலது பாதம், சேலைக் கரைக்கு வெளியே நீண்டு, சிமெண்டுத் தரையை அழுத்தியது. விட்டது. மறுபடி அழுத்தியது. அவளுக்கே அது தெரியவில்லை.

அவன் சோற்றில் கை வைத்தபடி இருந்தான். பாதத்தின் அடியில் தரை குளிர்ந்திருந்தது. அவன் காலும் அதை அழுத்திக்கொண்டுதான் இருந்தது.