சோனார் இருக்கை

ராத்திரி ஷிப்ட் வேலையை விட்ட பிறகு எனக்கு உருப்படியாகத் தெரிந்தது ஒன்றுதான்: கம்ப்யூட்டரில் நீர்மூழ்கிக் கப்பல் ஓட்டுவது. இரண்டு பேர் ஆளுக்கொரு வீட்டில் இருந்தபடி ஒரே கப்பலில் ஆடலாம். அக்காவின் கணவர் கேப்டன். நான் சோனார். ஹெட்போனில் கடலைக் கேட்டு, எது எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று சொல்பவன்.

மாமா பொறுமை கெட்ட மனிதர். எதிரி எவ்வளவு தூரத்தில் இருக்கிறான் என்று தெரியாமல் அவருக்கு இருப்புக்கொள்ளாது. ஒலியை அனுப்பி, அது மோதித் திரும்புவதை வைத்துத் தூரத்தை அளப்பார். அந்த ஒலி எதிரிக்கும் கேட்கும். இங்கேதான் இருக்கிறேன், வந்து அடி என்று கூப்பிடுகிற மாதிரி. ஆட்டத்துக்கு ஆட்டம் மூழ்கினோம்.

நான் உட்கார்ந்து கற்றேன். ஜன்னலில் போர்வையைக் கட்டிவிட்டு, விவரம் தெரிந்தவர்கள் ஆடிய வீடியோக்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். சத்தம் போடாமலே தூரத்தைக் கணிக்கலாம். நம் கப்பலைத் திருப்பி ஓட்ட வேண்டும். எதிரியின் சத்தம் வரும் திசை சட்டென்று மாறினால் ஆள் கிட்டே இருக்கிறான். மெல்ல மாறினால் எட்ட இருக்கிறான். நமக்கு நேர் பின்னால் வருபவனின் சத்தம் மட்டும் கேட்கவே கேட்காது. நம் புரொப்பல்லர் இரைச்சல் அவனை மறைத்துவிடும்.

இதை மாமாவின் மண்டையில் ஏற்றிய பிறகு ஜெயிக்க ஆரம்பித்தோம். அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அவர் ஆபீஸ் ஸ்டோரில் பகல் வேலை ஒன்று காலியாக இருந்தது.

"அந்த எடம் உனக்குத்தான் மாப்ள. நான் பாத்துக்கறேன்."

நம்பினேன். காலையில் எழுந்து பழகினேன். சட்டைகளை இஸ்திரி போட்டு மாட்டி வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அந்த ஆட்டத்தை ஜெயித்தால் மாமாவுக்குப் பெரிய கப்பல் கிடைக்கும். எதிரியின் தடம் விட்டுப்போய், மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்தோம். அக்கா அறைக்குள் வந்திருக்க வேண்டும்.

"ஒரு நிமிஷம் மாப்ள," என்றார். ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைக்கும் சத்தம் கேட்டது. மைக்கை அணைக்கவில்லை. தன் காதில் எதுவும் விழாவிட்டால் தன் குரலும் யாருக்கும் போகாது என்று நினைக்கிற ஆள்.

"இன்னும் அவன்கிட்ட சொல்லலையா நீங்க?" அக்காவின் குரல்.

"நீதானே வேண்டாம்னே. நீயே சொல்லு. அந்த வேலைக்கு ஆள் சேத்தே ஒரு வாரம் ஆச்சு."

"நான் எப்படிச் சொல்றது, கூடப் பொறந்தவன்கிட்ட? ரெண்டு மாசத்துல அதையும் விட்டுட்டு வருவான். உங்க ஆபீஸ்ல என் மானம்தான் கப்பலேறும்."

"அதுக்குத்தான் தடுத்துட்டேன்ல."

"அப்புறம் எதுக்கு வாராவாரம் அவனோட இந்தக் கூத்து?"

"அவன் காது அப்படி. அவன் இல்லாம இந்த ஆட்டத்துல நான் ஒண்ணும் புடுங்க முடியாது."

அக்கா சிரித்தாள்.

அப்போது இடது பக்கம் அது கேட்டது. சன்னமான சீழ்க்கை மாதிரி ஒரு ரீங்காரம். எதிரி நம் மேல் ஏவிய டார்பிடோ குண்டு. திரும்பி ஆழத்துக்கு இறங்க நேரம் இருந்தது.

மாமா ஹெட்போனை மாட்டிக்கொண்டார். "ம், சொல்லு. ஏதாவது கேக்குதா?"

"ஒண்ணும் கேக்கல மாமா."

"நேராவே போகட்டுமா?"

"நேராவே போங்க."

திரை வெளுத்து, பிறகு இருண்டது.

"என்னடா, காது செவிடாயிடுச்சா?" என்று சிரித்தார். கோபம்கூட வரவில்லை அவருக்கு. எனக்கு அதுதான் எரிந்தது. "பெரிய கப்பல் போச்சு. சரி விடு, அடுத்த வாரம் எடுத்துடலாம். ஆங், வேலை விஷயம் பேசிக்கிட்டே இருக்கேன். கொஞ்சம் இழுக்குது."

"அவசரமில்ல மாமா."

"இன்னொண்ணு ஆடலாமா?"

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை இன்னும் பாதி மிச்சமிருந்தது. என்னிடம் பேசுகிற ஆள் அவர் ஒருவர்தான்.

"ஆடலாம்," என்றேன்.