பதினேழு நிமிடம்

காலை பத்து மணி. துறைமுக வாசலுக்கு வெளியே கன்டெய்னர் பெட்டி ஏற்றிய லாரிகள் வரிசையில் நின்றன. எனக்கு முன்னால் நின்றது பொன்னுதுரை அண்ணாச்சியின் வண்டி. சாத்தான்குளத்துக்காரர், ஐம்பத்திரண்டு வயது. இறங்கி வந்து என்னோடு பேசிக்கொண்டிருந்தவர் இடது தோளைத் தடவினார். அப்படியே சரிந்து தார் ரோட்டில் விழுந்தார்.

டிரைவர்கள் ஓடி வந்தார்கள். ஒருவர் முகத்தில் தண்ணீர் தெளித்தார், இன்னொருவர் உள்ளங்காலைத் தேய்த்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு விஜிலா வந்தாள். சரக்குக்குச் சுங்க அனுமதி வாங்கித் தரும் கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் வேலை பார்க்கும் பெண். முதலுதவிப் பயிற்சி எடுத்தவள் என்று பிறகுதான் தெரிந்தது. பெட்டிகளின் சீல் நம்பரைச் சரிபார்க்க வந்திருந்தாள். அண்ணாச்சியைத் தட்டிக் கூப்பிட்டாள். குனிந்து மூச்சைப் பார்த்தாள்.

"நூத்தி எட்டுக்குப் போன் போடுங்க. இதயம் நின்னுட்டு."

"மூச்சு விடுதாரே தங்கச்சி," என்றேன். அவர் வாய் எப்போதாவது ஒரு தடவை திறந்து மூடியது.

"அது மூச்சு இல்லண்ணே. ரத்தம் ஓடல. மூளைக்கு ரத்தம் போகலன்னா கொஞ்ச நேரம்தான் தாங்கும்."

முட்டி போட்டு, நெஞ்சின் நடுவில் கை மேல் கை வைத்து, வாய்விட்டு எண்ணிக்கொண்டே வேகமாக அமுக்கினாள். இரண்டு நிமிடத்தில் நெற்றி வியர்த்துவிட்டது. "அடுத்து யாரு? கை ஓஞ்சா அழுத்தம் கொறஞ்சிரும்."

யாரும் அசையவில்லை. நான் முட்டி போட்டேன்.

"இன்னும் ஆழமா. ரெண்டு இஞ்ச் எறங்கணும். அமுக்குனா இதயத்துல இருக்க ரத்தம் வெளிய போகும். முழுசா விட்டாத்தான் ஒடம்புல இருந்து திரும்பி வந்து நெறையும். அவரு இதயம் பாக்க வேண்டிய வேலைய நாமதான் பாக்குதோம்."

என் கைக்குக் கீழே ஏதோ நறுக்கென்று உடைந்தது. பயந்து கையை எடுத்துவிட்டேன்.

"எலும்பு ஒட்டிக்கிடும். நிறுத்தாதீங்க," என்றாள், என் முகத்தைப் பார்க்காமலே.

பிறகு டிரைவர்களில் செந்தூர்வேல் வந்தான். தாணுலிங்கம் வந்தார். இன்னும் மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் அமுக்கும்போதே அடுத்தவர் தயாராக முட்டி போட்டிருந்தார். ரோட்டின் சூடு முழங்காலைச் சுட்டது. லாரிகளுக்கு நடுவே ஆம்புலன்ஸ் நுழைந்து வந்தபோது பதினேழு நிமிடம் ஆகியிருந்தது. நெஞ்சில் இரண்டு முறை மின்சாரம் கொடுத்தார்கள். மிஷினில் கோணல்மாணலாக ஓடிய கோடு நின்று, ஒழுங்கான துடிப்பு வந்தது. தாணுலிங்கம் அங்கேயே ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்.

இதயத்துக்கே ரத்தம் கொண்டுபோகும் குழாய் ஒன்றில் ரத்தம் உறைந்து அடைத்திருந்ததாம். ஆஸ்பத்திரியில் கைவழியாக மெல்லிய கம்பி செலுத்தி, அடைப்பைத் திறந்து, குழாய் மறுபடி மூடாமலிருக்க ஸ்டென்ட் வைத்தார்கள். மூன்றாம் நாள் விஜிலாவோடு நாங்கள் பார்க்கப் போனபோது அண்ணாச்சி சாய்ந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் மூளைக்கு ரத்தம் போயிட்டே இருந்திருக்கு. இல்லன்னா இவருக்கு உங்க யாரையும் அடையாளம் தெரிஞ்சிருக்காது. செஞ்சது யாரு?" என்று அவரைப் பரிசோதிக்க வந்த டாக்டர் கேட்டார்.

அண்ணாச்சியின் மனைவி ஜெபகனி விஜிலாவின் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "இந்தப் பிள்ளைதான் சார்."

"நான் மட்டும் இல்ல சார்," என்றாள் விஜிலா. "ஏழு பேரு." ஒவ்வொருவர் பெயராகச் சொன்னாள். முதலில் என் பெயர், மாரிச்செல்வம்.

டாக்டர் பக்கத்தில் வந்து என் கையைக் குலுக்கினார். இருபத்திரண்டு வருடமாக லாரி ஓட்டுகிறேன். வரிசையை விட்டு விலகாதே என்று துறைமுக வாசலில் அதட்டத்தான் என் பெயரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அன்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தேன்.