ஜெயகுமாரிக்கு விழுந்த சீட்டு

சித்தூரில் ரயில் ஏறியதிலிருந்து ஜெயகுமாரி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். பாகாலாவில் நைனா வாங்கிக் கொடுத்த இட்லிப் பொட்டலத்தைக்கூட அவள் பிரிக்கவில்லை. கணக்கு படிக்கப் போகிறவளாக இருந்தால் ரெண்டு பொட்டலம் தின்றிருப்பாள். அவள் போய்க்கொண்டிருந்ததோ பி.ஏ. சரித்திரத்தில் சேர. நினைக்க நினைக்கப் பற்றிக்கொண்டு வந்தது.

வேலூரில் இண்டர்மீடியட் படித்தபோது கணக்கில் அவளை முந்த ஆளில்லை. அதெல்லாம் வீட்டில் எடுபடவில்லை. அவள் நைனா ஜீவரத்தினம் மிஷன் பள்ளிக்கூட வாத்தியார். கிணறு எங்கே வெட்டுவது, பெண்ணை எங்கே கொடுப்பது என்று எது வந்தாலும் அவர்கள் கிறிஸ்தவ சபையில் ஜெபம் பண்ணிவிட்டுச் சீட்டுப் போட்டுப் பார்ப்பார்கள். இயேசுவின் சீடர்களான அப்போஸ்தலர் காலத்து வழக்கமாம். அப்போஸ்தலர்கள் பி.ஏ.வுக்கா சீட்டுப் போட்டார்கள் என்று கேட்டதற்கு அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் மிச்சம். கணக்கென்று ஒன்றும் சரித்திரமென்று ஒன்றுமாகச் சீட்டு எழுதித் தட்டில் போட்டார்கள். நைனா கண்ணை மூடிக்கொண்டு எடுத்தார். சரித்திரம் வந்தது.

திருப்பதிக் காலேஜில் எல்லாரையும் ஒரே கூடத்தில் உட்கார வைத்திருந்தார்கள். கணக்கு லெக்சரர் தாமோதரனுக்குக் காலையிலிருந்தே தலை சுற்றிக்கொண்டிருந்தது. கண்டவனும் கணக்கு கேட்கிறான் என்று, பலகையில் ஒரு கணக்கை எழுதி, போட்டுக் காட்டுகிறவனுக்குத்தான் இடம் என்று சொல்லிவிட்டார். அப்போது சாக்பீஸும் கையுமாக விழித்துக்கொண்டிருந்தவன் சிட்டிபாபு. அவன் அப்பா எத்திராஜ், சத்தியவேடு பக்கத்து விவசாயி, பின்னால் கைகட்டி நின்றார்.

"இவனுக்கு எதுக்குய்யா கணக்கு?" என்றார் லெக்சரர்.

"நாகலாபுரம் கோயில்ல பூ கட்டிப் போட்டுப் பாத்தோம் சார். வெள்ளைப் பூ வந்தா கணக்கு, செவப்பு வந்தா சரித்திரம்னு வேண்டிக்கினோம். வெள்ளை வந்துட்சி."

ஜீவரத்தினம் மகள் பக்கம் சாய்ந்தார். "பாத்தியாம்மா, அறியாத ஜனங்க. பூவைக் கேட்டா படிப்பை முடிவு பண்றது?"

ஜெயகுமாரிக்கு அடக்கி வைத்ததெல்லாம் பொத்துக்கொண்டது. "நம்ம வீட்ல துண்டுக் காகிதத்தைக் கேட்டோமே நைனா, அது என்னாவாம்?"

"நாம ஜெபம் பண்ணிட்டில்ல எடுத்தோம்?"

"அவங்களும் கும்புட்டுட்டுத்தான் எடுத்திருப்பாங்க."

"யாரது அங்கே பேசிக்கினு?" என்று லெக்சரர் அதட்டினார். "தெரிஞ்சா வந்து போடு."

அவள் விறுவிறுவென்று போனாள். சிட்டிபாபு தப்பித்தோம் என்று சாக்பீஸைக் கொடுத்தான். அவன் விட்டிருந்த மைனஸைப் போட்டுவிட்டு, கோபம் தணிவதற்குள் கணக்கை முடித்துவிட்டாள். லெக்சரர் இரண்டு தரம் பார்த்தார்.

"எந்தப் படிப்புக்கு வந்தேம்மா?"

"சரித்திரம் சார்."

அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "இன்னும் ஒரு இடம் இருக்குது. அப்பா சரின்னா இப்பவே எழுதிக்கறேன்."

கூடமே ஜீவரத்தினத்தைப் பார்த்தது. அவர் எழுந்து மகளிடம் வந்தார். 

"கணக்கு வகுப்புல எல்லாம் ஆம்பளப் பசங்கம்மா. நீ ஒருத்தி எப்படி உக்காருவேன்னு எனக்குத் தூக்கமே இல்லை. ஆண்டவரே, சரித்திரமே வரட்டும்னுதான் ஜெபம் பண்ணேன். வந்ததும் அப்பாடான்னு இருந்துது."

"அப்போ பயந்தது நீங்க. பழி மட்டும் ஆண்டவருக்கா நைனா?"

அவர் மேஜைப் பக்கம் திரும்பி, "கணக்குலயே போட்டுக்கோங்க சார்," என்றார். குரல் கூடத்துக்கே கேட்டது.

லெக்சரர் அவள் பெயரை எழுதினார். கேட்டது கிடைத்துவிட்டது; குதிக்க வேண்டியவள்தான் ஜெயகுமாரி. ஆனால் அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. சீட்டு எடுத்த நாளிலிருந்து குடும்ப ஜெபத்தில் வாயைத் திறக்காமல் ஆண்டவர் மேல் முறுக்கிக்கொண்டு இருந்தாளே, அத்தனை கோபமும் நைனா மேல் படவேண்டியது, ஆள் தெரியாமல் பட்டிருந்தது.