செங்கமலத்தின் டீக்கடை

பகலில் புதுக்கோட்டையில் ஒரு டூவீலர் ஷோரூமில் பில் போடுகிறேன். சாயங்காலம் குளத்தூர் பக்கம் இருக்கிற எங்கள் ஊருக்கு வந்ததும், கருவேலம்பட்டியில் டீ ஆற்றப் போய்விடுவேன். கருவேலம்பட்டியை மேப்பில் தேட வேண்டாம். அது டெலிகிராமில் இருக்கிற ஊர்.

பத்துப் பதினைந்து பேர் குரூப்பில் எழுதி எழுதியே ஆடுகிற ஆட்டம் அது. ஒவ்வொருவருக்கும் வெளியே ஒரு வேடம், உள்ளே ஒரு வேடம். உள்வேடம் என்னவென்று ஆட்டத்தை நடத்துகிறவருக்கு மட்டும் தெரியும். வேறு யாராவது கண்டுபிடித்து எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டால், மாட்டிக்கொண்ட ஆள் ஊரை விட்டுப் போய்விட வேண்டும், திரும்பவே முடியாது. நிஜப் பெயரையும் நிஜ ஊரையும் யாரும் யாரிடமும் கேட்கக் கூடாது.

அங்கே நான் டீக்கடை செங்கமலம். வாயாடி. உள்ளுக்குள் சிலைத் திருடர்களைப் பிடிக்க வந்த போலீஸ். ஆனால் இது நான் உண்டாக்கிய வேடம் இல்லை, என் அக்கா ஷர்லி உண்டாக்கியது. அக்கா போன மழைக்காலத்தில் டெங்கு வந்து செத்துப்போனாள். அடக்கம் முடிந்த மறுநாள், இனி அவள் வரமாட்டாள் என்று சொல்லத்தான் அவள் போனைத் திறந்தேன். "செங்கமலம், கடையத் தொறக்கலையா? தலைவலி மண்டையப் பொளக்குது" என்று யாரோ எழுதியிருந்தார். "இதோ தொறந்துட்டேன், வாங்க" என்று என் விரல் அடித்துவிட்டது. அடித்த பிறகு எங்கே மூடுவது?

தப்பு என்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். உலகத்தில் என் அக்கா சாகாமல் இருக்கிற இடம் அது ஒன்றுதான். அதை இழுத்து மூடுவதற்கு எனக்கு மனசும் இல்லை, தெம்பும் இல்லை.

நான் நன்றாகவே செய்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். அக்கா "இருக்கு" என்பதை "இர்க்கு" என்றுதான் அடிப்பாள். முதலில் யோசித்து அடித்தேன், பிறகு யோசிக்காமலே வந்தது. ஷோரூமில் ஒரு பில்லில்கூட வந்து, மேனேஜர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். அக்கா இடது கைக்காரி. நானும் போனை இடது கையில் பிடிக்கத் தொடங்கியிருந்தேன். இதெல்லாம் பழக்கம்தானே. ஒருநாள் அம்மா கொல்லையிலிருந்து வாய் தவறி "ஷர்லி" என்று கூப்பிட்டாள். நான் "என்னம்மா" என்றேன். அம்மா அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அப்புறம்தான் அந்த வளையல்காரி வந்தாள்.

ஊருக்குப் புதுசு. கூடையோடு கடைக்கு வந்து உட்காருவாள். டீ வேண்டாம் என்பாள். திருடர்களைப் பற்றிப் பேச்சில்லை, ஊர்வம்பு இல்லை. சாப்பிட்டாயா, தூங்கினாயா, உடம்பு சுடுகிறதா, இதைத்தான் கேட்பாள். நானும் செங்கமலமாக ஏதாவது கிண்டல் அடிப்பேன். கொஞ்ச நேரத்தில் "வளையல்காரி எழுந்து போகிறாள்" என்று எழுதிவிட்டுப் போய்விடுவாள்.

முதலில் எனக்கு உறைக்கவில்லை. சில நாள் கழித்துத்தான் உறைத்தது. மற்ற எல்லாரும் கிளம்பும்போது "போயிட்டு வாரேன்" என்று எழுதிவிட்டுத்தான் போகிறார்கள். இவள் மட்டும் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. எழுத்தில் கோயம்புத்தூர் வாடை அடிக்கிற ஒருவர் அதைத் திமிர் என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எங்கள் பக்கத்தில் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போகிற வீடு ஒன்றே ஒன்றுதான், எழவு வீடு. அக்காவை அடக்கம் பண்ணிய அன்று வந்தவர்கள் எல்லாரும் எங்கள் வீட்டிலிருந்து அப்படித்தான் போனார்கள், வாசலில் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல்.

அப்படியென்றால் அவளுக்குத் தெரியும். செங்கமலம் போலீஸ் என்பது இல்லை, அதற்கும் உள்ளே இருப்பது. அவள் ஒரு வார்த்தை எழுதினால் போதும், கடை போய்விடும். அக்கா இரண்டாம் தடவை சாவாள்.

அதன் பிறகு நான் ஷோரூமுக்கு ஒழுங்காகப் போகவில்லை. அவள் எப்போது வருவாள் என்று போனையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். அம்மா சோற்றைப் போட்டு வைத்துவிட்டுப் போவாள், அது காய்ந்து கிடக்கும். குவைத்திலிருந்து அப்பா கூப்பிட்டால் பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிடுவேன்.

நேற்று, விளக்கு வைக்கிற நேரம், வளையல்காரி வந்தாள். வழக்கம்போலச் சாப்பிட்டாயா என்று கேட்டாள். எழுந்து போனாள். நான் விடவில்லை. அவளுக்குத் தனியாக எழுதினேன்.

"ஏன் எப்பவும் சொல்லாமப் போறீங்க?"

அடுப்படியில் டிங் என்று ஒரு சத்தம். அம்மா போன். சத்துணவு மையத்தில் அமைப்பாளராக இருக்கிறாள், ஆபீசிலிருந்து ஏதாவது வந்துகொண்டேதான் இருக்கும். எனக்குப் பதில் வந்தது.

"அந்த மாதிரி வீட்ல போயிட்டு வாரேன்னு சொல்லக்கூடாதுல்ல தாயி"

"நீங்க யாரு?" என்று அனுப்பினேன்.

டிங்.

சும்மா ஒரு புள்ளியை மட்டும் அனுப்பிப் பார்த்தேன். டிங்.

எழுந்து போனேன். அம்மா அடுப்புக்கு எதிரே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சோறு கொதித்து மூடியைத் தள்ளிக்கொண்டிருந்தது, அவள் கவனிக்கவில்லை. மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாக அடித்துக்கொண்டிருந்தாள். அக்கா உயிரோடு இருந்தபோது அம்மாவுக்கும் டெலிகிராம் போட்டுக் கொடுத்து, கருவேலம்பட்டியின் லிங்கை அனுப்பி, என் டீக்கடையை வந்து பார் என்று நச்சரித்தாள். அப்போது அம்மா போகவேயில்லை.

"அம்மா" என்றேன். அவள் நிமிரவில்லை. என் கையிலிருந்த போன் அதிர்ந்தது.

"ஷர்லி, தம்பி சாப்புட மாட்டேங்கிறான். வேலைக்குப் போக மாட்டேங்கிறான். ஓம் மாதிரியே நடக்குறான், ஓம் மாதிரியே சிரிக்கிறான். ராத்திரி தூக்கத்துல ஓங்கொரல்ல பேசுறான். எனக்குப் பயமா இருக்கு. எனக்கு மிச்சம் அவன் ஒருத்தன்தான். அவன விட்டுரு ஆத்தா."

ராத்திரி பேசுகிறேனா? அக்கா குரலிலா? இதை யாரும் எனக்குச் சொல்லவில்லையே.

"அம்மா, நான்தாம்மா அது. தாஸ். நான்தான் இவ்வளவு நாளா அடிச்சேன்."

அம்மா போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நான் ஒன்கிட்டப் பேசல. அவகிட்டப் பேசுறேன். அவ சொல்லட்டும்."

இது என்ன பைத்தியக்காரத்தனம் என்று கத்த வேண்டும் போல இருந்தது. போனைப் பிடுங்கிச் சுவரில் அடித்திருக்கலாம். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, இனிமேல் அந்தப் பக்கமே போகமாட்டேன் என்று அழுதிருக்கலாம். அப்படிச் சொல்லத்தான் நினைத்தேன், வாயைக்கூடத் திறந்தேன். கீழே பார்த்தால் என் கட்டைவிரல் வேகவேகமாக ஓடிக்கொண்டிருந்தது. என்ன அடிக்கிறது என்று நான் படித்து முடிப்பதற்குள் அனுப்பியும் விட்டது.

அம்மா கையில் டிங் என்றது. அவள் போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய், உதட்டை அசைத்து, மெதுவாக வாய்விட்டுப் படித்தாள்.

"நான் எங்கம்மா அவனப் புடிச்சு வச்சிருக்கேன். அவன்தான் என்னையப் போக விட மாட்டேங்கிறான். எனக்கு அசதியா இர்க்கு."

படித்து முடித்ததும் அம்மா கண்ணாடியைக் கழற்றினாள். அதற்குப் பிறகுதான் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அவ என்ன சொல்றா, கேட்டியாடா?"