சம்பந்தி முறை

காப்புரிமை விண்ணப்பத்தின் நான்காவது பக்கத்தில் 'சம்பந்தி' என்ற சொல்லைப் பார்த்ததும் கொக்கி அடுத்த பக்கத்தைத் திருப்பவில்லை. ஒரு கட்டம் போட்டு, கட்டத்துக்குள் அந்தச் சொல்லை எழுதி, அதிலிருந்து இரண்டு அம்புக்குறிகளை இழுத்து விட்டிருந்தார்கள். அவள் சொல். அவள் வாயிலிருந்து வந்து, ஒரு மண்டபம் முழுக்கச் சிரித்த சொல். முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போய் 'கண்டுபிடித்தவர்' என்ற இடத்தை மறுபடி பார்த்தாள். அங்கே அவள் புருஷன் பெயர் இருந்தது. இனிஷியலோடு, பட்டத்தோடு, ஒற்றைப் பெயர். கீழே இன்னொரு பெயருக்கு இடம் காலியாகத்தான் கிடந்தது. நாலு விரல் இடம். அதில் ஒரு பெயரை எழுத அவனுக்குக் கை வரவில்லை.

காப்புரிமை வாங்கித் தருகிற வக்கீலம்மாவின் ஆபீஸ் அது. எந்தக் கோப்பிலும் எந்தத் தாளும் அவள் கண்ணுக்குத் தப்பாது என்பதால் அங்கே அவளுக்குக் கொக்கி என்று பெயர் வைத்திருந்தார்கள். சிலர் மரியாதையாகச் சொன்னார்கள், சிலர் எரிச்சலில் சொன்னார்கள். அவள் இரண்டையுமே பாராட்டாக எடுத்துக்கொண்டாள். அவளுடைய வேலை இதுதான்: ஒருவன் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தேன் என்று காப்புரிமை கேட்டால், அதே மாதிரி உலகத்தில் ஏற்கெனவே என்னென்ன வந்திருக்கிறது, அதில் தனக்குத் தெரிந்தது எது என்பதை அவனே காப்புரிமை அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும். தெரிந்தும் மறைத்தால், என்றைக்கு வெளியே வந்தாலும் அந்தக் காப்புரிமை வெறும் காகிதம். ஆபீசில் எல்லோரும் இதை 'பிரையர் ஆர்ட்' என்பார்கள். கொக்கி 'பழசு' என்பாள். ஒரே கண்டுபிடிப்புக்குப் பல நாடுகளில் விண்ணப்பம் போயிருக்கும். ஓரிடத்தில் ஒரு பழசு கிளம்பினால் மற்ற இடங்களிலும் சொல்லியாக வேண்டும். எதை எங்கே சொல்வது, எதைச் சொல்லத் தேவையில்லை என்பதில்தான் இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். பயந்துபோய் எல்லாவற்றையும் எல்லா இடத்துக்கும் கொட்டுகிறவர்கள்தான் அதிகம்.

கொக்கி அதற்கு ஒரு வழி வைத்திருந்தாள். விண்ணப்பங்களைக் குடும்பமாகப் பார்க்க வேண்டும். தாய்க்கு, அதாவது முதல் விண்ணப்பத்துக்கு, ஒரு சேதி வந்தால் அதிலிருந்து பிறந்த பிள்ளைகளுக்கு அன்றைக்கே சொல்ல வேண்டும். அண்ணன் தம்பிக்கும் சொல்ல வேண்டும். ஆனால் அதே கம்பெனியின் வேறொரு கண்டுபிடிப்பு, ஏதோ ஒரு பாகத்தில் மட்டும் இதோடு ஒட்டிக்கொண்டிருக்கிறதா? அது சம்பந்தி வீடு. சம்பந்தி வீட்டுக்கு வீட்டு விஷயம் முழுவதையும் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா? சொல்லாமல் விட்டாலும் சண்டை. ஒட்டிய பாகத்தைப் பற்றிய சேதியை மட்டும் சொல்லு, மற்றதற்கு வாயைத் திறக்காதே. இதை அவள் நாலு வருஷத்துக்கு முன்னால் தொழில் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் மேடை ஏறிச் சொன்னாள். மண்டபம் கைதட்டியது. வக்கீலம்மா அன்றைக்கு ஊரில் இல்லை. வரிசை வரிசையாக, எந்தக் கேள்வியை முதலில் கேட்பது, எதை அடுத்துக் கேட்பது என்று அத்தனையையும் கட்டுரையாக எழுதித் தரச் சொல்லிச் சங்க மலரில் போட்டார்கள். கட்டுரையோடு அவள் மேடையில் நிற்கிற படமும் வந்தது. மூன்றாவது வரிசையிலிருந்து அதை எடுத்தவன் அவள் புருஷன்தான்.

அன்றைக்கு அவன் மேடையைப் பார்த்தானே தவிரக் காதில் எதையும் வாங்கியதாக அவளுக்குத் தோன்றவில்லை. கல்யாணமான நாளாக அவள் வேலையைப் பற்றி அவன் ஒரு வார்த்தை கேட்டதில்லை. போன வருஷம் திடீரென்று கேட்க ஆரம்பித்தான். சாப்பிடும்போது, துணி மடிக்கும்போது, பேருந்துக்குக் காத்திருக்கும்போது. "அப்புறம் என்ன பண்ணுவ? ஒரு பழசு ரெண்டு வீட்டுக்கும் சம்பந்தப்பட்டா எதுக்கு முன்னாடி சொல்லுவ?" உச்சி குளிர்ந்து போனாள் கொக்கி. புருஷனுக்குத் தன் மேல் புதிதாக ஏதோ பிறந்திருக்கிறது என்றே நினைத்தாள். அக்காவுக்குப் போன் போட்டுப் பெருமைப்பட்டுக்கொண்ட அளவுக்கு மடத்தனம். அவன் வேலை பார்க்கிற மென்பொருள் கம்பெனி அவனை வக்கீலம்மாவிடம் அனுப்பி, பழசுகளைத் தானே தேடி, தானே பிரித்து, தானே காப்புரிமை அலுவலகத்துக்கு அனுப்பிவிடுகிற ஒரு மென்பொருளைச் செய்யச் சொன்னது அதற்குப் பிறகுதான் அவளுக்குத் தெரியவந்தது. ஆபீஸ்காரர்கள் அவனை 'மாப்பிள்ளை' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். மென்பொருள் ஓடத் தொடங்கியதும் கொக்கியின் பிரிவை மூடிவிட்டு அவளை முன்னறையில், வருகிறவர்களை உட்காரச் சொல்கிற மேசைக்கு மாற்றுவதாக ஏற்பாடு. அதைக்கூட அவள் விழுங்கிக்கொண்டாள். மனுஷி செய்கிற வேலையை மெஷின் செய்யட்டும், உலகம் அப்படித்தான் போகிறது. ஆனால் அவள் மண்டையில் பிறந்ததற்கு அவன் தன் பெயரைப் போட்டுக்கொள்வது என்ன நியாயம்?

மறுநாள் காலையில் அவன் தன் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டுவிட்டாள்.

"ஏங்க, அந்த அப்ளிகேஷன்ல என் பேர் எங்க?"

"உன் பேர் எதுக்கு?"

"சம்பந்தி முறை யாரோடது?"

அவன் சிரித்தான். கை நிற்கவில்லை, காலரில் பெட்டியை அழுத்தித் தேய்த்தான். "அடப் போம்மா. அது நீ எல்லாரும் சிரிக்கறதுக்குச் சொன்ன உதாரணம். அத மெஷினுக்குப் புரியற மாதிரி மாத்தினவன் நான். நீ ஒரு வரி கோடிங் எழுதினியா?"

"நீங்க எழுதினத நான் இல்லன்னு சொல்லல. ரெண்டு பேரும்னு போடுங்க. மத்தியானம் வரைக்கும் திருத்தலாம், நானே திருத்திடறேன்."

"போட்டா ஊர் என்ன பேசும்? பொண்டாட்டி சொல்லிக்குடுத்தா, புருஷன் எழுதிக்கிட்டான்னு பேசாதா?"

"அதானே நடந்துச்சு."

பெட்டியை ணங்கென்று நிறுத்தி வைத்தான். "இங்க பாரு. இன்னிக்கு கூட்டத்துல, இந்த அப்ளிகேஷன்ல கை வெச்ச எல்லாரையும் சிஸ்டம் கேக்கும், வேற ஏதாவது பழசு தெரியுமான்னு. நீ அந்தச் சங்க மலர்னு ஆரம்பிச்சுடாத. அத எவன் படிச்சான்? பாதி வீட்ல அலமாரி தட்டுல விரிச்சிருப்பான். இன்டர்நெட்ல தேடினா கூடக் கிடைக்காது, நான் பாத்துட்டேன்."

நான் பாத்துட்டேன். அப்படியானால் தேடியிருக்கிறான். தன் பெண்டாட்டியின் கட்டுரை உலகத்தில் எங்காவது மிச்சம் இருக்கிறதா என்று உட்கார்ந்து தேடி, இல்லை என்று தெரிந்ததும் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறான்.

"நீங்க என்ன பதில் போடப் போறீங்க?"

"நேத்தே போட்டாச்சு. ஒண்ணும் தெரியாதுன்னு."

"தெரிஞ்சே தெரியாதுன்னு போட்டா என்ன ஆகும்னு தெரியுமா உங்களுக்கு? பேட்டன்ட் மட்டும் போகாது. உங்க பேரும் சேந்து போயிடும்."

"வெளிய வந்தாத்தானே?" அவன் சட்டையைக் கையில் மாட்டிக்கொண்டான். "எனக்கு முன்னாடியே தெரியும்னு உன்ன விட்டா யாருக்குத் தெரியும்? நீ என்ன, என்னக் காட்டிக்குடுக்கவா போற?" அதை வேடிக்கை மாதிரிச் சொல்லிவிட்டு, கைப் பட்டன் ஏன் தைக்கவில்லை என்று கேட்டான். அவள் ஊசியையும் நூலையும் எடுத்து மேசை மேல் வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினாள்.

ஆபீசுக்கு வந்ததும் முதல் வேலையாகக் கைப்பையிலிருந்து அந்தச் சங்க மலரை எடுத்து அந்தப் பக்கங்களை ஸ்கேன் செய்து வைத்தாள். எதற்கு என்று தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

கூட்டம் பெரிய அறையில். வக்கீலம்மா நல்ல புடவை கட்டிக்கொண்டு, நாலைந்து பெரிய கம்பெனிக்காரர்களையும் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தாள். மற்ற வக்கீல் ஆபீஸ்களுக்கும் இதை விற்கலாம் என்று அவளுக்கு ஆசை. காப்புரிமை கிடைத்தால்தான் விற்க முடியும். மாப்பிள்ளைக்கு அந்த விற்பனையில் பங்கு. மென்பொருள் முதன்முதலாக வேலை பார்க்கப்போவது அதனுடைய சொந்த விண்ணப்பத்துக்கே என்பது வக்கீலம்மாவின் யோசனை, அதில் அவளுக்கு ஒரே குஷி. மாப்பிள்ளை எழுந்து நின்று விளக்கினான். சுவரில் இருந்த திரையில் பழசுகள் தாமாக வந்து வரிசையில் உட்கார்ந்தன. இது தாய், இது பிள்ளை, இது சம்பந்தி. அவள் நாள் கணக்கில் கண் எரிய உட்கார்ந்து செய்கிற வேலை, ஒருவர் தண்ணீர் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைப்பதற்குள் முடிந்திருந்தது. நன்றாகத்தான் செய்திருந்தான், பாவி. ஓரிடத்தில்கூட அவளால் குறை சொல்ல முடியவில்லை. அவள் எப்படிப் பிரிப்பாளோ அப்படியே பிரித்திருந்தது.

"சம்பந்தின்னு பேர் வெச்சிருக்கீங்களே, என்ன பொருத்தம்!" என்றாள் வக்கீலம்மா. "எப்படி மாப்பிள்ளை தோணுச்சு இது?"

"குளிச்சிட்டு இருக்கும்போது சட்டுனு தோணுச்சு மேடம்."

அறை சிரித்தது. கொக்கிக்குப் பக்கத்து மேசைக்காரி மட்டும் சிரிக்கவில்லை. அன்றைக்கு அந்த மண்டபத்தில் கொக்கிக்காக முதலில் கை தட்டியவள் அவள். இப்போது கொக்கியை ஒரு தடவை பார்த்தாள், பிறகு தன் பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தாள். நாளைக்கும் இங்கே வேலை பார்க்க வேண்டியவள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

"இப்ப பாருங்க," என்றான் மாப்பிள்ளை. "இந்த அப்ளிகேஷன்ல வேலை பாத்த மூணு பேர்கிட்டயும் சிஸ்டம் கேக்குது, வேற பழசு தெரியுமான்னு. நான் சொல்லிட்டேன், மேடம் சொல்லிட்டாங்க. கடைசி ஆள் பதில் சொன்ன அடுத்த செகண்ட் எல்லாம் சேந்து போயிடும். நடுவுல எந்தக் கையும் வராது. யாரும் உக்காந்து சரிபாக்கணும்னு அவசியமே இல்ல." கடைசி ஆள் என்று சொல்லும்போது கொக்கியைப் பார்த்துக் கை நீட்டினான், வித்தை காட்டுகிறவன் கூட்டத்திலிருந்து ஒருத்தியைக் கூப்பிடுகிற மாதிரி. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் முன்னால் மடிக்கணினி திறந்திருந்தது. கேள்வி இருந்தது. தெரியும், தெரியாது என்று இரண்டு பொத்தான்கள். அவன் அவளுக்குப் பின்னால் வந்து நின்றான். நாற்காலியின் முதுகில் கை வைத்துக்கொண்டு, மற்றவர்களைப் பார்த்துப் புன்னகைத்தபடியே நின்றான். அவள் தலையைக் கொஞ்சம் திருப்பி, அவனுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்:

"இன்னும் நேரம் இருக்கு. உன் பதில மாத்திக்கோ. என் பேரச் சேத்துக்கோ."

கல்யாணமானதிலிருந்து அவனை அவள் நீ என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவன் அதைக் கவனித்த மாதிரித் தெரியவில்லை. புன்னகை அப்படியே இருக்க, உதடு மட்டும் அசைந்தது.

"மூடிக்கிட்டு அமுக்குடி."

அமுக்கினாள்.

'தெரியும்' என்ற பொத்தானை அமுக்கியதும் சின்னப் படிவம் ஒன்று திறந்தது. அவன் அதற்குள் கம்பெனிக்காரர் யாரோ கூப்பிட்டு அறையின் அந்தக் கோடிக்குப் போய்விட்டிருந்தான். கட்டுரையின் தலைப்பைக் கேட்டது, எழுதினாள். எழுதியவர் பெயரைக் கேட்டது. தன் பெயரை, ஆபீசில் யாரும் சொல்லாத பெயரை, அப்பாவின் பெயரோடு சேர்த்து முழுதாக எழுதினாள். விண்ணப்பதாரரில் யாருக்கு இது முன்பே தெரியும் என்று கேட்டது. அந்தக் கேள்வியைப் படிவத்தில் வைக்க வேண்டும் என்று சாப்பாட்டு மேசையில் அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான். இந்த இடத்தில் அவள் விரல் நின்றது. இதைக் காலியாக விட்டால் காப்புரிமை மட்டும் போகும், அவன் மிஞ்சுவான். ஏதோ மறந்துவிட்டேன் என்று வழிந்து தப்பித்துக்கொள்வான். பழைய நாளாக இருந்தால் இந்தத் தாள் வக்கீலம்மாவின் கையெழுத்துக்குப் போய், திரும்பி வந்து, மறுபடி போவதற்குள் அவளுக்கும் கோபம் ஆறியிருக்கும். வீட்டுக்குப் போய் அழுதுவிட்டு, காலையில் அந்தத் தாளை மட்டும் கோப்பிலிருந்து உருவிப் போட்டிருப்பாள். அந்த ஒரு ராத்திரியைத்தான் அவன் இந்த மெஷினிலிருந்து எடுத்துவிட்டான், வேகம் வேண்டும் என்று. குளிச்சிட்டு இருக்கும்போது தோணுச்சாமே!

புருஷன் பெயரை எழுதினாள். என்றைக்கிலிருந்து என்ற இடத்தில் அந்தச் சங்கக் கூட்டம் நடந்த தேதியைப் போட்டாள். கட்டுரையில் உள்ள படத்தை எடுத்தவர் அவரே என்று குறிப்பும் போட்டாள். ஸ்கேன் செய்த பக்கங்களை இணைத்தாள். 'முடிந்தது' என்று அமுக்கினாள்.

சுவரில் இருந்த திரை ஒரு தடவை மங்கி, பச்சையானது. வெற்றிகரமாக ஒப்படைக்கப்பட்டது என்று பெரிய எழுத்தில் வந்தது. அடியில் காப்புரிமை அலுவலகத்தின் ரசீது எண்ணும் வந்துவிட்டது. அறை முழுக்கக் கைதட்டல். கம்பெனிக்காரர்கள் எழுந்தே விட்டார்கள். வக்கீலம்மா ஓடிப்போய் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக் குலுக்கினாள், விடவில்லை, "அடேயப்பா, அடேயப்பா" என்று குலுக்கிக்கொண்டே இருந்தாள். அவனுக்குப் பின்னால் திரையில், அனுப்பப்பட்ட பழசுகள் ஒவ்வொன்றாக மேலே நகர்ந்துகொண்டிருந்தன. கடைசியாகச் சேர்ந்த வரி கீழேயிருந்து ஏறி வந்தது. எழுதியவர் பெயர், அதற்கு எதிரே, முன்பே அறிந்தவர் பெயர். பக்கத்து மேசைக்காரி அதைப் படித்துவிட்டு வாயில் கை வைத்தாள். அவள் பார்வை போன பக்கம் எதேச்சையாகத் திரும்பிய அவனும் படித்தான். முகத்திலிருந்த சிரிப்பை எடுக்க நேரமில்லை. அது அப்படியே இருந்தது, கை வக்கீலம்மாவின் கையிலேயே குலுங்கிக்கொண்டிருந்தது, கண் மட்டும் கூட்டத்துக்குள் அவளைத் தேடியது.

கைதட்டல் இன்னும் ஓயவில்லை. கொக்கி மடிக்கணினியைச் சாத்தி ஓரமாக வைத்துவிட்டு, அவன் கண்ணைப் பார்த்தபடி, எல்லோரோடும் சேர்ந்து கைதட்டினாள்.