பால் காய்ச்சிய வீடு

கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டாமல் இருந்திருக்கலாம் அந்தப் பொண்ணு. ஒன்றிய அலுவலகத்துக்குப் புதிதாக வந்த ஓவர்சியர் சங்கவி நல்ல மனசோடுதான் திருப்பினாள். அரசாங்க வீட்டுக்கு மனு கொடுக்க வந்திருந்த குப்பம்மாள் திரையில் தன் முகத்தையே பார்த்தாள்.

"போட்டோல இருக்கிறது நீங்கதானேம்மா?"

"நான்தாம்மா."

"அப்ப உங்க பேர்ல போன வருஷமே வீடு கட்டி முடிச்சாச்சு. இன்னொரு வீடு தர முடியாதும்மா."

"எனக்கு ஏதும்மா வூடு? பொயல்ல செவுரு வுழுந்து, தார்பாய் கட்டிக்கினு கெடக்கறேன். மழ பேஞ்சா ராப்பூரா குந்திக்கினு இருக்கறேன்."

படத்தில் மாம்பழ நிறப் புடவை. இடுப்பில் நிறைகுடம். வாயெல்லாம் பல். பின்னால் நிற்பது, இரண்டு தெரு தள்ளித் தம்பி கோதண்டபாணி கட்டிய வீடு. அந்தப் புடவையும் அவன் எடுத்துக் கொடுத்ததுதான். கிரகப்பிரவேசத்தன்று தாலியறுத்தவளின் இடுப்பில் குடத்தைக் கொடுத்து, முதல் ஆளாக வாசலில் நிறுத்தினான். "இதென்ன மொற?" என்று முணுமுணுத்த கிழவிகளை, "எங்கக்கா பால் காச்சினாதான் வூடு வெளங்கும்" என்று அடக்கினான். போட்டோ எடுக்கும்போது சொந்தப் பெண்டாட்டியையே ஒதுங்கி நிற்கச் சொன்னான். பத்து வருஷமாக விசேஷ வீடுகளில் பின்பக்கமாகவே போய்ப் பாத்திரம் கழுவிவிட்டு வந்தவளுக்கு அன்று தலைகால் புரியவில்லை. பாழாய்ப்போன சந்தோஷம் கண்ணை மறைத்துவிட்டது. ஆதார் அட்டையும் பேங்கு புத்தகமும் அவனிடம்தான் இருந்தன. கேட்க வேண்டும் என்று அவளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. கூடப்பிறந்தவனிடம் யார் கணக்குக் கேட்பார்கள்?

சங்கவி படத்தைப் பெரிதாக்கினாள். வாசற்கதவுக்குப் பக்கத்துச் சுவரில் நீல எழுத்துகள். குப்பம்மாள் அன்றைக்கே அதைக் கையால் தடவிப் பார்த்து, என்னடா எழுதியிருக்கு என்று கேட்டிருக்கிறாள். கவர்மெண்டு எழுத்துக்கா, எல்லா வூட்டுலயும் போடுவாங்க என்றான்.

"உங்க பேருதான்மா எழுதியிருக்கு."

ஊரே படித்திருக்கும். அக்கா மேல் எவ்வளவு பாசம் என்று மெச்சியிருப்பார்கள். அம்மா செத்த பிறகு இடுப்பைவிட்டு இறக்காமல் வளர்த்த பிள்ளை, அடிமடியிலேயே கைவைத்துவிட்டான். அழுகை வரும் என்று பார்த்தாள், வரவில்லை.

"இது என் வீடு இல்லன்னு எழுதிக் குடுங்கம்மா. விசாரணை பண்ணுவாங்க. உண்மைன்னு தெரிஞ்சா உங்க மனுவை எடுத்துக்குவாங்க."

"அது எந்தம்பி வூடும்மா. அவனுக்கு என்னாவும்?"

"கேஸ் வரும்மா."

தம்பி மகளுக்குத் தை மாதம் கல்யாணம். ஐப்பசி மழையோ நாளைக்கே வரலாம். தார்ப்பாயில் ஏற்கெனவே நாலு ஓட்டை. "எழுதும்மா" என்றாள் குப்பம்மாள். குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை.

சங்கவி எழுதிப் படித்துக்காட்டினாள். மைப்பெட்டியை நகர்த்தினாள். குப்பம்மாள் கட்டைவிரலை மையில் அழுத்தி எடுத்தாள்.

அப்போது மடியில் போன் அடித்தது. அவளுக்கு எழுத்துத் தெரியாது என்பதால், அவன் கூப்பிட்டால் மட்டும் நாதஸ்வரமும் கெட்டிமேளமும் கேட்கும்படி கோதண்டபாணியே வைத்துக் கொடுத்திருந்தான்.

மை ஈரமாக இருந்த விரல் காகிதத்துக்கு ஒரு சாண் மேலே நின்றது. கெட்டிமேளம் நிற்காமல் கொட்டிக்கொண்டிருந்தது.